சிகிச்சை யாருக்குப் பலிக்கும்? மூளை ஸ்கேனை மாடலிடம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

"நாற்பது பேருடைய எம்.ஆர்.ஐ. இருக்கிறது, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த மதிப்பெண்ணும் இருக்கிறது, எந்த அல்காரிதம் போடலாம்?" உளவியலோ உயிர்மருத்துவப் பொறியியலோ படிக்கும் பிள்ளைகளிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. நான் மனநல மருத்துவர் இல்லை. ஸ்கேன் அறையிலிருந்து வரும் கோப்புகளைச் சுத்தம் செய்து, சரிபார்த்து, எண்களாக்கி, டேட்டாவிலிருந்து கற்றுக் கணிக்கும் நிரலான மாடலுக்குள் அனுப்புவதுதான் என் பிழைப்பு. அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் அல்காரிதம் கடைசி அரை நாள் வேலை. அதற்கு முந்தைய வேலைகளில் கோட்டை விட்டால், மாடல் காட்டும் 80 சதவீதத்தையும் 90 சதவீதத்தையும் நம்பி ஒன்றும் செய்ய முடியாது.

கையில் ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டே போவோம். சமூகப் பதற்றம் என்ற நோய்: நாலு பேர் பார்க்கச் சாப்பிட, பேச, எழுதக்கூட உடம்பு உதறும். அதற்கு அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, அதாவது பேசிப் பேசியே எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் முறை, சுருக்கமாக சி.பி.டி., நன்றாக வேலை செய்யும்; ஆனால் எல்லோருக்கும் இல்லை. அமெரிக்காவில் பாஸ்டன் பகுதியில் ஜான் கேப்ரியேலி, சூசன் விட்ஃபீல்ட்-கேப்ரியேலி ஆகியோர் இருந்த குழு இதில் இரண்டு ஆய்வுகளை வெளியிட்டது. 2013-இல் வந்ததில் 39 பேர். 12 வார சி.பி.டி. தொடங்கும் முன் ஸ்கேனுக்குள் படுக்கவைத்து, கோபமான முகங்களையும் சாதாரண முகங்களையும் காட்டினார்கள். கோப முகத்துக்குப் பார்வைப் பகுதிகள் அதிகம் எதிர்வினை காட்டியவர்கள், பின்னால் சிகிச்சையில் அதிகம் தேறினார்கள். 2016-இல் வந்ததில் 38 பேர்; எந்த வேலையும் கொடுக்காமல் சும்மா படுத்திருக்கும்போது எடுக்கும் ஓய்வுநிலை ஸ்கேனையும், நரம்பிழைப் பாதைகளைக் காட்டும் ஸ்கேனையும் சேர்த்துக்கொண்டு, யார் தேறுவார் என்பதை 81 சதவீதம் சரியாகச் சொன்னதாக எழுதினார்கள். கவனமான ஆய்வுகள்தான். நீங்கள் செய்யப்போவதும் இதே அளவில்தான் இருக்கும் என்பதால் இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வியை முதலில் தாளில் எழுதுங்கள்

"தேறினார்" என்றால் என்ன? சமூகப் பதற்றத்துக்கு வழக்கமாகப் பயன்படுவது லீபோவிட்ஸ் அளவுகோல். 24 சூழல்கள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பயம் என்று 0 முதல் 3, எவ்வளவு தவிர்க்கிறீர்கள் என்று 0 முதல் 3. அதிகபட்சம் 144; எண் கூடக் கூட நோய் அதிகம். ஒருவர் 110-இல் ஆரம்பிக்கிறார், இன்னொருவர் 62-இல். எத்தனை புள்ளி குறைந்தது என்பதையே கணிக்கச் சொன்னால், 110-காரருக்குக் குறைய இடம் அதிகம், அதனால் அவர் பெரும்பாலும் ஜெயிப்பார். மூளையைப் பார்க்காமலேயே ஆரம்ப மதிப்பெண் அதைச் சொல்லிவிடும். ஆகவே நான் பரிந்துரைப்பது: கடைசி மதிப்பெண்ணைக் கணியுங்கள், ஆரம்ப மதிப்பெண்ணை எப்போதும் மாடலுக்குள்ளேயே வையுங்கள்.

பாதியாகக் குறைந்தால் "ஆம்", இல்லாவிட்டால் "இல்லை" என்று வெட்டிப் பிரிக்கும் பழக்கமும் உண்டு. 49 சதவீதம் குறைந்தவர் தோல்வி, 51 சதவீதம் குறைந்தவர் வெற்றி. 38 பேரில் இப்படி மதில்மேல் உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டு மூன்று பேர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் விழுந்தாலே உங்கள் சதவீதம் ஆடிவிடும். மருத்துவர்களுக்கு ஆம்-இல்லை வேண்டுமென்றால் கடைசியில் மாற்றிக் கொடுக்கலாம். மாடலுக்கு முழு எண்ணையே கொடுங்கள்.

பாதியில் நின்றவர்களை அட்டவணையிலிருந்து அழிக்காதீர்கள். சிகிச்சைக்கு வராமல் போவதும் ஒரு முடிவுதான். அவர்களைச் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு தடவை ஓட்டி, இரண்டையும் எழுதுங்கள்.

ஸ்கேன் இல்லாத மாடல்

இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஸ்கேனைத் தொடும் முன், காகிதத்தில் உள்ளதை மட்டும் வைத்து ஒரு மாடல் போடுங்கள். வயது, பாலினம், ஆரம்ப மதிப்பெண், நோய் தொடங்கி எத்தனை வருடம், கூடவே மனச்சோர்வு உண்டா, மாத்திரை எடுக்கிறாரா, வேலைக்குப் போகிறாரா, முன்பு சிகிச்சை எடுத்திருக்கிறாரா. எட்டு கட்டங்கள். ரிட்ஜ் ரிக்ரஷன் என்ற எளிய கணிப்பு முறை போதும், பைத்தான் மொழியில் சைகிட்-லேர்ன் என்ற இலவச நிரல் தொகுப்பு இருந்தால் பத்து வரி.

இது எவ்வளவு தூரம் போகும் என்று சந்தேகம் வரும். 2014-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டெரூபைஸ் குழு, மனச்சோர்வுக்கு சி.பி.டி.யா மாத்திரையா என்று நடந்த ஒரு சோதனையின் 154 பேர் டேட்டாவை எடுத்தது. யாருக்கு எது பொருந்தும் என்பதைச் சொல்ல அவர்கள் கண்டெடுத்தவை: திருமண நிலை, வேலை, சமீபத்திய வாழ்க்கை நெருக்கடிகள், ஆளுமைக் கோளாறு உண்டா, முன்பு எத்தனை மருந்து முயன்றார். ஐந்தும் முதல் நாள் படிவத்தில் இருப்பவை. ஒரு ஸ்கேன்கூட இல்லை.

படிவம் ஒரு பேனா விலை. எம்.ஆர்.ஐ. என்றால் நம் ஊர் தனியார் மையங்களிலேயே சில ஆயிரம் ரூபாய். ஆகவே "ஸ்கேன் மாடல் 70 சதவீதம் சரி" என்பது தனியாக ஒரு சேதியே இல்லை. படிவ மாடலுக்கு மேல் ஸ்கேன் எவ்வளவு கூட்டியது என்பதுதான் சேதி. 2013 ஆய்வை நான் மதிப்பதற்கு இதுவே காரணம்: ஆரம்ப மதிப்பெண் மட்டும் எவ்வளவு சொல்கிறது, மூளைத் தகவல் சேர்ந்தால் எவ்வளவு சொல்கிறது என்று அருகருகே வைத்தார்கள்.

படிவத்தில் ஒரு பொறி உண்டு. ஓர் ஆய்வுக் குழு எனக்கு அனுப்பிய எக்செல்லில் "வந்த அமர்வுகள்" என்று ஒரு கட்டம் இருந்தது. மாடல் அதைப் பிடித்துக்கொண்டு அருமையாகக் கணித்தது. கணிக்காமல் என்ன செய்யும்? பன்னிரண்டு வாரமும் வந்தவர் தேறியிருப்பார். ஆனால் முதல் நாளன்று அந்த எண் யாரிடமும் இல்லை. அதனால் எக்செல்லில் தலைப்புக்குக் கீழே ஒரு வரிசை சேர்த்து, ஒவ்வொரு தகவலும் எந்தத் தேதியில் தெரிந்தது என்று எழுதச் சொல்கிறேன். சிகிச்சை தொடங்கிய தேதிக்குப் பிந்தையது எதுவும் உள்ளே வரக்கூடாது.

ஸ்கேன் அறையும் கோப்புகளும்

எல்லோருக்கும் ஒரே இயந்திரம், ஒரே அமைப்பு, ஒரே வார்த்தைகளில் ஒரே அறிவுறுத்தல். "கண்ணைத் திறந்து அந்தக் கூட்டல் குறியைப் பாருங்கள், தூங்கிவிடாதீர்கள்" என்பதை அச்சடித்து ஒட்டிவிடுங்கள். ஒருவர் ஒருமாதிரியும் இன்னொருவர் வேறுமாதிரியும் சொல்லவேண்டாம். ஓய்வுநிலை ஸ்கேனில் மூன்றில் ஒருவர் மூன்று நிமிடங்களுக்குள்ளேயே தூக்கத்துக்குள் நழுவுகிறார் என்று 2014-இல் ஓர் ஆய்வு காட்டியது. தூங்கும் மூளையின் இணைப்புகள், அதாவது எந்தப் பகுதிகள் ஒன்றாகத் துடிக்கின்றன என்பது, வேறு. இரவெல்லாம் தூங்காமல் வரும் நோயாளிகள்தான் அதிகம் நழுவுவார்கள், அது உங்கள் கணிப்புக்குள் திருட்டுத்தனமாக ஏறிவிடும்.

"படத்தில் என் பயம் தெரியுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. தெரியாது என்றே சொல்லுங்கள். ஒப்புதல் படிவத்திலும் அப்படியே இருக்கட்டும்: இது ஆய்வு, தனிநபருக்கு முடிவு தரப்படாது, தற்செயலாக மூளையில் வேறு கோளாறு தென்பட்டால் யார் பார்ப்பார், யார் சொல்வார் என்பதும்.

அப்புறம் அசைவு. பதற்றமுள்ளவரை அந்த இரைச்சல் குழாய்க்குள் பத்து நிமிடம் அசையாமல் படுக்கச் சொல்கிறோம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே தலை எவ்வளவு நகர்ந்தது என்பதை மென்பொருளே மில்லிமீட்டரில் கொடுக்கும். அரை மில்லிமீட்டர் என்பது கண்ணுக்கு ஒன்றுமில்லை. இணைப்பு அளவீட்டுக்கு அது பெரிய கலகம். 2012-இல் ஜொனாதன் பவர் குழு காட்டியது போல, சிறு அசைவே அருகருகே உள்ள பகுதிகள் ஒன்றாகத் துடிப்பதாகவும் தூரத்துப் பகுதிகள் பிரிந்திருப்பதாகவும் பொய்த்தோற்றம் தரும். சுலபமான சோதனை ஒன்று: மூளை எதுவும் இல்லாமல், ஒவ்வொருவரின் சராசரி அசைவு என்ற ஒரே எண்ணைக் கொடுத்து முடிவைக் கணிக்கச் சொல்லுங்கள். அந்தக் கணிப்பு பலித்தால், உங்கள் மூளை மாடல் கற்றதும் அசைவையாக இருக்கலாம்.

கோப்புகளை பிட்ஸ் என்ற பொது அமைப்பில் அடுக்கி, எஃப்.எம்.ஆர்.ஐ.பிரெப் என்ற இலவச மென்பொருளில் ஓட்டுங்கள். சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதி வீரம் காட்ட வேண்டாம். அது ஒவ்வொருவருக்கும் ஓர் அறிக்கைப் பக்கம் தரும். அதைத் திறந்து கண்ணால் பாருங்கள், நாற்பது பேர் என்றால் நாற்பதையும். நான் முதலில் போவது சாம்பல் நிறத்தில் ஜமுக்காளம் விரித்ததுபோல ஒரு படம் இருக்குமே, அதற்கு. குறுக்கே ஓடுவது நேரம். மேலிருந்து கீழாக மூளையின் ஆயிரக்கணக்கான புள்ளிகள். நன்றாகப் படுத்திருந்தவரின் படம் மங்கலாக, சலசலப்பாக இருக்கும். அசைந்தவரின் படத்தில் மேலிருந்து கீழே நேராக ஒரு கோடு வெட்டும். மேலே அசைவு வரைபடத்தில் அதே நொடியில் ஊசி எழும்பியிருக்கும். அடுத்து நெற்றிக்குப் பின்னால், கண்குழிக்கு மேலே பார்ப்பேன். மூக்கின் காற்றறைக்கு அருகில் காந்தப்புலம் குழம்புவதால் அங்கே சமிக்ஞை அழிந்து ஓட்டை விழும். உணர்ச்சி ஆய்வுக்கு நமக்கு வேண்டிய பகுதிகள் அங்கேயும் அதன் அக்கம்பக்கத்திலும்தான் இருக்கின்றன என்பது நம் தலைவிதி.

யாரை நீக்குவது என்ற விதியைச் சிகிச்சை முடிவைப் பார்க்கும் முன்பே எழுதிவையுங்கள்.

79,800 இணைப்புகள், 38 பேர்

மூளையை ஷேஃபர் வரைபடத்தில் 400 பகுதிகளாகப் பிரித்தால், ஒவ்வொரு ஜோடிக்கும் ஓர் இணைப்பு எண். 400 × 399 ÷ 2 = 79,800. ஆட்கள் 38. இந்த விகிதத்தில் எதை வேண்டுமானாலும் எதோடும் பொருத்திவிடலாம்.

நம்பாவிட்டால் செய்து பாருங்கள், ஐந்து நிமிட வேலை. பைத்தானின் நம்பை (NumPy) தொகுப்பில் 38 வரிசை, 79,800 கட்டம் கொண்ட வெறும் சீரற்ற எண்களை உருவாக்குங்கள். காசு சுண்டுவதுபோல 38 பேருக்கும் "ஆம்", "இல்லை" போடுங்கள். எல்லோரையும் வைத்து, முடிவோடு அதிகம் ஒத்துப்போகும் 100 இணைப்புகளைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அந்த 100-ஐ மட்டும் வைத்து, ஒருவரை மறைத்து மற்றவர்களை வைத்துக் கணிக்கும் குறுக்குச் சரிபார்ப்பைச் செய்யுங்கள். ஏறக்குறைய எல்லாமே சரியாக வரும். டேட்டாவில் ஒன்றுமே இல்லை, ஆனால் மாடல் மேதை. காரணம், தேர்ந்தெடுக்கும்போதே மறைக்க வேண்டியவரின் விடையையும் பார்த்துவிட்டீர்கள். வினாத்தாள் முந்தைய நாளே கசிந்த பரீட்சை அது. இப்போது தேர்வை ஒவ்வொரு சுற்றுக்குள்ளும், பயிற்சிக்கு உள்ளவர்களை மட்டும் வைத்துச் செய்யுங்கள். எண் 50 சதவீதத்தைச் சுற்றி வந்து நிற்கும்.

இதைத் தவிர்க்க வழி சுலபம். சைகிட்-லேர்னில் பைப்லைன் என்று ஒன்று இருக்கிறது. அளவைச் சீராக்குவது, காணாமல்போன எண்ணை நிரப்புவது, இணைப்புகளைத் தேர்வது, மாடல் எல்லாமே அதற்குள் போகவேண்டும். வெவ்வேறு இயந்திரங்களின் டேட்டாவைச் சமன்செய்யும் காம்பேட் போன்ற திருத்தங்களும் சுற்றுக்குள்ளேதான். மாடலின் திருகுகளை, அதாவது அதன் அமைப்பு எண்களை, முடுக்க உள்ளே இன்னொரு சுற்று, மதிப்பிட வெளியே ஒரு சுற்று.

இன்னொரு ஓட்டை: ஒரே ஆள் இரண்டு தடவை ஸ்கேன் எடுத்திருப்பார், கோப்பின் பெயர் வேறாக இருக்கும். ஒன்று பயிற்சியிலும் மற்றது சோதனையிலும் விழுந்தால் மாடல் ஆளை அடையாளம் கண்டுகொண்டு ஜெயிக்கும். பிரிக்கும்போது கோப்பு வாரியாக இல்லை, ஆள் வாரியாகப் பிரியுங்கள்.

மாடல்? ரிட்ஜ், அல்லது அதுபோலவே எளிய நேர்கோட்டு எஸ்.வி.எம். என்ற முறை. பகுதிகளை 100 ஆகக் குறைத்தால் இணைப்புகள் 4,950 ஆகும், அதுவும் நல்லதே. டீப் லேர்னிங் பற்றிக் கேட்பவர்களுக்கு: 38 பேருக்கு வேண்டாம். அவ்வளவுதான்.

வந்த எண்ணை எப்படிப் படிப்பது

உங்கள் குழுவில் 65 சதவீதம் பேர் தேறியிருந்தால், "எல்லோரும் தேறுவார்கள்" என்று சொல்லும் கிளிக்கும் 65 கிடைக்கும். ஆகவே தேறியவர்களில் எத்தனை சரி, தேறாதவர்களில் எத்தனை சரி என்று தனித்தனியாகக் கொடுத்து, இரண்டின் சராசரியைச் சொல்லுங்கள். முடிவுகளைக் கலைத்துப்போட்டு ஆயிரம் தடவை மறுபடி ஓட்டி, உங்கள் எண் அந்தக் கூட்டத்தில் எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள்.

பிறகு நிச்சயமின்மை. 38 பேரில் 81 சதவீதம் என்றால் ஏறத்தாழ 31 பேர் சரி. உண்மை எண் எங்கே இருக்கலாம் என்று 95 சதவீத நம்பக இடைவெளி போட்டால் கீழே 67, மேலே 91. ஆய்வாளர் கெயில் வாரோக்கோ 2018-இல் எழுதியது, நூறு பேர் இருந்தாலும் குறுக்குச் சரிபார்ப்பின் பிழை கூட்டியும் குறைத்தும் 10 புள்ளி அளவுக்கு இருக்கும் என்று. 2021-இல் ஃப்ளின்ட் குழு 1,868 பேரின் டேட்டாவில், மனச்சோர்வு உள்ளவரா இல்லாதவரா என்று மூளைப் படத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தது. முழுத் தொகுப்பில் 61 சதவீதம்தான். அதையே சிறு சிறு தொகுப்புகளாக வெட்டிச் சோதித்தபோது சில இடங்களில் 95 வரை ஏறியது. சிறிய ஆய்வுகளில் ஏறிய எண்கள்தான் அச்சில் வரும். இறங்கிய எண்கள் யாரோ ஒருவரின் லேப்டாப்பில் தூங்கும்.

ஸ்வீடனில் 26 பேரை வைத்து இணையவழி சி.பி.டி.க்கு 92 சதவீதம் என்று 2015-இல் வந்ததையும் இந்தக் கண்ணோடு படியுங்கள். ஜெர்மனியில் பீதிக் கோளாறுக்கு 2015-இல் 49 பேரில் 82 சதவீதம் வந்தது; 2017-இல் அதே கோளாறுக்கு, ஸ்கேனுக்குள் வேறொரு பணியைக் கொடுத்து 59 பேரைப் பார்த்த ஜெர்மானியர்கள், நம்பகமாகக் கணிக்க முடியவில்லை என்று தலைப்பிலேயே எழுதினார்கள். அப்படி எழுதத் துணிந்தவர்களுக்கு நான் ஒரு காபி வாங்கித் தருவேன்.

உண்மையான பரீட்சை வெளியில்தான். கோட், திருகு அமைப்புகள், கற்ற எடைகள், நீக்கும் விதி எல்லாவற்றையும் தேதியிட்டுப் பூட்டிவிட்டு, வேறு ஊர், வேறு இயந்திரம், வேறு சிகிச்சையாளர்கள் உள்ள டேட்டாவில் ஒரே ஒரு தடவை ஓட்டுங்கள். 2024-இல் ஆடம் செக்ரவுட் குழு, ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு) மருந்துச் சோதனைகளில் இதைச் செய்து பார்த்தது. ஒரு சோதனைக்குள் நன்றாகக் கணித்த மாடல்கள், பார்த்திராத இன்னொரு சோதனையில் காசு சுண்டுவதைவிட மேலாக எதையும் செய்யவில்லை. அதில் மூளைப் படம் இல்லை, உளச்சிகிச்சையும் இல்லை. ஆனாலும் நம் துறைக்கு அப்படியே பொருந்தும் சேதி.

தேறுவாரா, அல்லது எதில் தேறுவார்?

சி.பி.டி. எடுத்தவர்களை மட்டும் வைத்து மாடல் போட்டால், அது சொல்வது "இவர் தேறுவார்" என்பதை மட்டும். எந்தச் சிகிச்சை கொடுத்தாலும் தேறியிருப்பவராகவும் அவர் இருக்கலாம். மருத்துவருக்கு வேண்டியது வேறு: இவருக்குப் பேச்சா, மாத்திரையா? அதற்கு இரண்டு சிகிச்சைகளுக்கும் குலுக்கல் முறையில் பிரித்த டேட்டா வேண்டும்.

அப்படிச் செய்ததில் எனக்குப் பிடித்தது, அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தில் ஹெலன் மேபெர்க் குழுவின் வேலை. 2013-இல் பி.இ.டி. ஸ்கேனில் வலது முன் இன்சுலா என்ற பகுதியின் சர்க்கரைச் செலவைப் பார்த்தார்கள். அது குறைவாக இருந்த மனச்சோர்வு நோயாளிகள் சி.பி.டி.யில் முழுதாகத் தேறினார்கள், எஸ்சிடாலோப்ராம் மாத்திரையில் தேறவில்லை; அதிகமாக இருந்தவர்களுக்கு நேர்மாறு. ஒரே அளவீடு, இரண்டு சிகிச்சைகளில் எதிரெதிர்த் திசை. இப்படி வந்தால்தான் ஸ்கேன் ஒரு முடிவை மாற்றுகிறது என்று சொல்ல முடியும். 2017-இல் அதே பல்கலைக்கழகத்தில் 122 பேரின் எஃப்.எம்.ஆர்.ஐ.யில் (மூளையின் செயல்பாட்டைக் காட்டும் எம்.ஆர்.ஐ.), முன்மூளையின் அடியில் உள்ள சிங்குலேட் பகுதியின் இணைப்புகளில் இதே மாதிரி எதிர்த்திசைப் போக்கைக் கண்டார்கள். ஆனால் இந்த வகைக் கேள்விக்கு ஆட்கள் பல மடங்கு தேவை. 40 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்து ஒன்றும் கிடைக்காது; அந்த நிலையில் கேள்வியைச் சுருக்கிக்கொள்ளுங்கள், அல்லது இன்னொரு குழுவோடு டேட்டாவைச் சேருங்கள்.

ஆய்வு நடக்கும்போதே கணிப்புகள் வர ஆரம்பித்தால், அவற்றைச் சிகிச்சையாளர்களிடம் காட்டாதீர்கள். "இவர் தேறமாட்டார்" என்று ஒரு காகிதத்தில் படித்த சிகிச்சையாளர் அந்த நோயாளியோடு அதே மாதிரி உட்கார்ந்து பேசமாட்டார், பிறகு மாடல் சொன்னது சரியாகத்தான் போகும். கணிப்புக் கோப்பு தனி ஃபோல்டரில், தனிக் கடவுச்சொல்லில் இருக்கட்டும். மதிப்பெண் போடுபவருக்கும் அது தெரியவேண்டாம். கடைசி நோயாளியின் கடைசிப் படிவம் எக்செல்லில் ஏறிய பிறகு இரண்டு கோப்புகளையும் சேருங்கள்.